மூலையில் இரண்டு என்று போட்ட துண்டு

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரை நாள் வேண்டும். ஆனால் துண்டுச் சீட்டுப் பார்க்கத் தெரியும். அது என் தொழில்.

எங்கள் தேயிலைத் தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே. பெண்கள் பறிக்கும் கொழுந்தை ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். காலை, பகல், அந்தி. நிறுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றுவது நான். ஒவ்வொரு நிறுவைக்கும் கணக்கப்பிள்ளை ஒரு துண்டு எழுதுவார். காலைத் துண்டின் மூலையில் 1 போடுவார். பகல் துண்டில் 2. அந்தியில் 3. அந்தத் துண்டுகளை நான் சேர்த்து லொறிக்காரனிடம் கொடுக்க வேண்டும். கையில் 2 இருந்து 1 இல்லை என்றால் அது எங்கோ கிடக்கிறது. சாக்குக்கு அடியில் கிடக்கும், இல்லாவிட்டால் யாராவது ஒருவன் சட்டைப்பையில் இருக்கும். தேடித்தான் எடுக்க வேண்டும். கொழும்பில் இருந்த மூன்று வருஷம் தவிர, பதினெட்டு வயதிலிருந்து எனக்கு இதே வேலை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மனைவி எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதன் மூலையில் 2 இருந்தது.

அது சித்திரை மாதம். அவளுக்கு மூன்று மாதம். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. பிள்ளை உண்டான பெண்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள், அவளுக்கும் எடுத்தார்கள். பிறகு ஒரு வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ரத்தத்தில் ஏதோ குறையாம் என்றாள். அவள் போன அன்று, ரத்தம் போதவில்லை என்று நினைத்து நான் ஈரல் வாங்கிவந்து கொடுத்தேன். அவள் அதை ஆக்கினாள். சாப்பிடவில்லை. ஊசி போட்டார்கள் என்றாள். அடுத்த வியாழனும் போனாள்.

இரண்டாவது வியாழன் அந்தியில் அந்தத் துண்டை நீட்டினாள்.

"இது உங்களுக்கு."

"எனக்கு என்ன?"

"நீங்களும் வந்து ரத்தம் காட்டணுமாம். ஊசி போடணுமாம். எனக்குக் கிருமி இருக்காம். எனக்கு இருந்தா உங்களுக்கும் இருக்குமாம்."

"என்ன கிருமி?"

"புருசன் பொண்டாட்டி சேர்றதுல வர்றதாம்."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு காலைச் சாய்த்து நின்றாள். இடுப்பில் ஊசி போட்ட வலி.

துண்டைப் பார்த்தேன். பெயர் இல்லை. ஒரு நம்பர், இங்கிலீசில் ஒன்றிரண்டு எழுத்து, வியாழக்கிழமை, அறையின் இடம். இரத்தம் சோதிக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள மூலை அறை. அங்கே யார் போவார்கள் என்று டவுனில் எல்லோருக்கும் தெரியும். மூலையில் பேனையால் 2 போட்டு வட்டம் இட்டிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கிருமியைவிட அந்த 2 தான் கண்ணில் நின்றது. இரண்டாம் துண்டு எனக்கு என்றால் ஒன்றாம் துண்டு யாருக்கு?

நான் கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள் என்று நினைத்தேன். துண்டைச் சுவர் இடுக்கில் செருகினேன். அன்றிலிருந்து எங்கள் காம்பிரா அறையின் முன்பக்கம் தனியாகப் படுத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் நான் அவள் பேரில் குற்றமாக வைத்தேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வந்து தேடினேன். அவள் தகரப்பெட்டி. அரிசி வாளி. சாமி படத்துக்குப் பின்பக்கம். கொழுந்துக் கூடையின் கயிற்று மடிப்பு. கிளினிக் கொப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். எடை எழுதியிருந்தது, வயிற்று அளவு எழுதியிருந்தது. துண்டு இல்லை. இல்லாததும் எனக்குச் சாட்சிதான். கொடுத்துவிட்டாள், அதனால் இல்லை.

யாரிடம் கொடுத்தாள் என்று தேட எனக்கு நேரம் ஆகவில்லை. அந்த லொறிக்காரன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது குறைந்தவன். என்னை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாப் பெண்களோடும் வாயடிப்பான். அதற்கு முந்திய மாதம் தராசுக்கு முன்னால் அவளிடம் சொன்னான்:

"அண்ணி, நீங்க ரெண்டு பேரு பறிக்கிறீங்க. கணக்கப்பிள்ளை ஐயா ஒரு பேருதான் போடுறாரு. கேட்டு வாங்குங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அவள் உண்டாகியிருப்பதை நான் அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். துண்டு வந்த பிறகு அந்தச் சிரிப்பை எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என்னிடம் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

அவள் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். பெண் பார்க்கப் போன அன்று ஒரு தரம் பார்த்தேன். அதற்கு முன்னால் அவள் யாரோடு பேசினாள், யாரோடு நடந்தாள், எனக்கு என்ன தெரியும். அவள் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் அக்கா நம்பர்தான் இருந்தது. அக்கா பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று அந்த நம்பருக்கு அடித்தேன். அக்காதான் எடுத்தாள். "என்ன மச்சான், அதிசயமா இருக்கு" என்றாள். தவறிப் பட்டுவிட்டது என்று வைத்துவிட்டேன்.

தராசுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்தேன். லொறி ஹோன் அடித்தால் அவள் தலை திரும்புகிறதா என்று பார்த்தேன். எல்லோர் தலையும் திரும்பும். நான் அவள் தலையை மட்டும் பார்த்தேன். சாக்குகளை மாற்றிக் கட்டி இரண்டு தடவை ஏச்சு வாங்கினேன்.

மூன்றாவது வியாழன் அவள் மூன்றாம் ஊசிக்குப் போனாள். அன்றைக்கு லொறியை வேறு ஒருவன் கொண்டுவந்தான். நம்ம ஆள் எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்றான்.

அதற்கு மேல் என்ன வேண்டும். ஒரே வியாழன், ஒரே ஆஸ்பத்திரி. இவள் ஒரு பெஞ்சில், அவன் ஒரு பெஞ்சில். ஒன்றாம் துண்டு, இரண்டாம் துண்டு.

வெள்ளிக்கிழமை காலை நிறுவை முடிந்து பெண்கள் மலைக்கு ஏறிய பிறகு அவனைப் பிடித்தேன்.

"நேத்து எங்க போன?"

"ஆஸ்பத்திரிக்கு அண்ணே."

"எந்த ரூமுக்கு?"

"கண்ணு காட்டுற ரூமுக்கு. அம்மாவுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சு."

"துண்டு இருக்கா?"

"இருக்கே."

சட்டைப்பையிலிருந்து எடுத்தான். வாங்கினேன். அவன் அம்மாவின் பெயர் இருந்தது. கண் படம் ஒன்று அச்சடித்திருந்தது. மூலையைப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பினேன், வெளிச்சத்தில் பிடித்தேன்.

"என்னண்ணே, கொழுந்துத் துண்டு மாதிரிப் பாக்குறீங்க. அம்மா நிறை கூடிட்டாங்களா?"

"ஒன்னாம் துண்டு எங்க?"

"காலைத் துண்டா? இப்பதானே அண்ணே குடுத்தீங்க. இந்தா இருக்கு."

"அது இல்ல."

"பின்ன எது?"

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ராவுல தூங்குறீங்களா அண்ணே?"

"அவ மாசமா இருக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க வீட்டுல உள்ளவளும் அதே கிளினிக்குக்குத்தானே போறா. ரெண்டு பேரும் ஒன்னாதான் இறங்கி நடக்குறாங்க. ஏன், ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

நான் சாக்கைத் தூக்கினேன். அவன் மற்றப் பக்கம் பிடித்தான். வழக்கமாக அவன் பிடிப்பதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவன் இல்லை என்றால் வேறு ஒருவன். அந்தியில் வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்டேன். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்னாம் துண்டு எங்க?"

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் இறங்கியது. எந்தத் துண்டு என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அடுப்புல போட்டேன்."

"யாருக்குக் குடுத்த?"

"உங்களுக்குத்தான் குடுத்தாங்க. மொத வியாழன். வர்ற வழி முழுக்க அதக் கையிலயே வச்சிருந்தேன். வீட்டுக்கு வந்தா நீங்க ஈரலோட நிக்கிறீங்க. எப்பிடிக் குடுக்கிறது. அடுப்புல போட்டுட்டேன். அடுத்த வாரம் நர்ஸ் மிஸ் கேட்டாங்க. தொலைஞ்சிருச்சுனு சொன்னேன். இன்னொன்னு எழுதிக் குடுத்தாங்க."

"பொய்."

"அப்ப நீங்களே போய்க் கேளுங்க."

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கருகியிருந்தது.

"நான் மூனு ஊசியும் போட்டுட்டேன். நீங்க போடாட்டி அது திரும்ப என்கிட்ட வருமாம். அப்பறம் வயித்துல இருக்கிறதுக்கும் போகுமாம். செத்துப் பொறக்குமாம். இல்லாட்டிப் பொறந்து கண்ணு தெரியாதாம், காது கேக்காதாம். மிஸ் சொன்னத அப்பிடியே சொல்றேன். என்னை அடிக்கணும்னா அடிங்க. போயிட்டு வந்து அடிங்க."

நான் அடிக்கிறவன் இல்லை. அவளுக்கும் அது தெரியும். அவள் வெளியே தண்ணீர் பிடிக்கப் போன நேரம் நான் அடுப்புச் சாம்பலைக் கிளறினேன். இரண்டு வாரச் சாம்பல் அள்ளிக் கொட்டியாகிவிட்டது, அதில் காகிதம் எங்கே இருக்கும். ஆனாலும் கிளறினேன். கையைக் கழுவாமல் படுத்தேன்.

அடுத்த வியாழன் போனேன். பிள்ளைக்காகப் போனேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான் போனது ஒன்றாம் துண்டைத் தேடி. அங்கே ஒரு கொப்பி இருக்கும், அதில் யாருக்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கும், எப்படியாவது பார்த்துவிடலாம் என்று போனேன். அவளும் கூட வந்தாள். உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குடையோடு நின்றாள்.

அந்த மூலை அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. ஆண்கள் ஆளுக்கு ஒரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான், சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். என் துண்டை வாங்கியவர் ஒரு நர்ஸ். சிங்களம். வயது ஐம்பது இருக்கும். தமிழை அவர் பாஷையின் சாயலில் பேசினார்.

"பயம் வேணாம் மல்லி, தம்பி. இங்க வாறது நல்ல ஆக்கள்தான். வராத ஆக்கள்தான் பிரச்சினை."

"மிஸ், அவ எத்தன பேரச் சொன்னா?"

"அது சொல்ற இல்ல."

"நான் புருசன்."

"புருசனுக்கும் சொல்ற இல்ல. நாளைக்கு அவங்க வந்து உங்க விஷயம் கேட்டா, அதும் சொல்ற இல்ல."

என் விஷயம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். பகல் வரை இருக்கச் சொன்னார்கள். பிறகு டொக்டர் கூப்பிட்டார். சின்ன வயது, தமிழ்ப் பெண். கதவைச் சாத்திவிட்டு எனக்கும் இருக்கிறது என்றார். கல்யாணத்துக்கு முன் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கொழும்பில், சாப்பாட்டுக் கடையில் என்றேன். கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முன்னால் வந்தீர்கள்? நாலு மாதம். அங்கே யாரோடும் இருந்தீர்களா?

"இல்ல."

அவர் எழுதவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அந்த இடத்துல எப்பவாவது புண் வந்ததா? வலி இல்லாத புண்."

அப்போதுதான் அதை நினைத்தேன். வந்தது. கொழும்பை விட்டு வருகிற மாதம் வந்தது. பார்மசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். வலி இல்லை, யாருக்கும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அது இல்லை. நானும் அதை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூட சரியில்லை. நினைக்கவில்லை.

"வந்துச்சு. தானாப் போயிருச்சு."

"போகலங்க. உள்ள போயிருச்சு" என்றார் டொக்டர்.

கடைக்குப் பின்னால் ஒரு லொஜ் இருந்தது. அங்கே ஒரு பெண். மூன்று தடவையோ நாலு தடவையோ. பெயர் தெரியாது. கண்டிப் பக்கம் என்று சொன்னாள், அது உண்மையோ என்னவோ. அதை நான் சொல்லச் சொல்ல டொக்டர் எழுதினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஊசி இரண்டு பக்கமும் போட்டார்கள். கட்டியான மருந்து, மெதுவாகத்தான் இறங்குகிறது. இதை அவள் மூன்று வியாழன் போட்டுவிட்டு வந்து மலை ஏறியிருக்கிறாள். அவள் நொண்டி நொண்டித் தேயிலை நிரையில் போவதைப் பார்த்து, யாருக்காக இந்த வலியைப் பொறுக்கிறாள் என்று நான் வயிறு எரிந்திருக்கிறேன்.

காற்சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். நர்ஸ் மேசையில் ஒரு துண்டு எழுதிக்கொண்டிருந்தார். அதே மாதிரித் துண்டு. மூலையில் 1 போட்டு வட்டம் இட்டார்.

"இது அந்தக் கொழும்புப் பொண்ணுக்கு. முடிஞ்சா குடுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பாப்பாங்க. தொலைச்சா பயம் வேணாம். வாங்க, நான் இன்னொன்னு எழுதித் தாறேன்."

"ஒன்னுன்னு போட்டிருக்கீங்க."

"ஓ. மொத தடவ எழுதினா ஒன்னு. அதே ஆளுக்குத் திரும்ப எழுதினா ரெண்டு. எத்தன தரம் எழுதினேன்னு எனக்குத் தெரியத்தான். சில ஆக்களுக்கு நாலு வரைக்கும் எழுதியிருக்கேன். மொதத் துண்டு கிழிக்கிறாங்க, ஆத்துல போடுறாங்க, அடுப்புல போடுறாங்க. பரவாயில்ல. கடைசிக்கு வந்தா சரிதானே."

நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசி வலி என்று அவர் நினைத்தார். தண்ணீர் தரவா என்று கேட்டார்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நாங்கள் நின்றுகொண்டு வந்தோம். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னான். "பரவாயில்ல தம்பி" என்றாள் அவள். "அவருக்கு நின்னு வந்தாதான் சரி." மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அது எனக்குப் போதும் என்று இருந்தது.

இறங்கி லயத்து வீட்டுக்கு ஏறுகிற வழியில் கேட்டாள்.

"எத்தன துண்டு குடுத்தாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் சொல்ல மாட்டார். டொக்டர் சொல்ல மாட்டார். அந்தத் துண்டைத் தேயிலைக்குள் எறிந்தால் முடிந்தது. அவள் என்னிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எத்தனை என்று மட்டும்தான் கேட்டாள்.

"ஒன்னு."

கையை நீட்டினாள். கொடுத்தேன். முதலில் மூலையைப் பார்த்தாள். அவளும் கொழுந்து பறிக்கிறவள்தானே. மழை தூறியது, குடையை என் பக்கம் பிடிக்காமல் துண்டின் மேல் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. கொழும்புல."

கோயில் திருப்பத்தில் நின்றாள்.

"அவ செவப்பா?"

"ஞாபகம் இல்ல."

"பொய்" என்றாள்.

நான் சொன்ன அதே சொல். அதே மாதிரி, சத்தம் கூட்டாமல்.

அடுத்த இரண்டு வியாழனும் அவள் என்னோடு வந்தாள். ஒரு வியாழன் முடி நீளமா என்று கேட்டாள். மற்ற வியாழன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொழும்புக் கடையில் இன்னும் வேலை செய்யும் ஒருவனுக்குப் போன் எடுத்து அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். லொஜ்ஜை மூடிவிட்டார்கள், யார் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றான். போன் பேசும்போது இவள் பக்கத்தில் நின்றாள்.

"கண்டுபிடிச்சா நானும் வருவேன். தனியாப் போக வேணாம்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"துண்ட நான் குடுக்கிறேன். நீங்க ரோட்டுல நில்லுங்க."

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். திரும்பப் போன அன்று அந்தச் சின்னக் காலைப் பிடித்துக் குத்தியபோது பிள்ளை வீறிட்டது. அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முடிவு வாங்க அவளே உள்ளே போனாள். வெளியே வந்து தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். யார் பார்த்தால் என்ன.

இப்போது பிள்ளை நடக்கிறாள். கண் தெரிகிறது, காது கேட்கிறது. கொழுந்து லொறி ஹோன் அடித்தால் வாசலுக்கு ஓடுவாள். லொறிக்காரன் "மகளே" என்பான். அவன் சத்தம் கேட்டு என் மனைவி வெளியே எட்டிப் பார்த்தால் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் ஒன்று பிடிக்கும். எல்லாம் தெரிந்த பிறகும் பிடிக்கும். நான் சாக்கைக் கட்டுவேன்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால். மூலையில் 1. கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, எறியவும் மனம் வரவில்லை. நான் அட்டையை என் முகப்படம் உள்பக்கம் இருக்கிற மாதிரித்தான் வைப்பேன். சில நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் முகம் வெளியே இருக்கும். அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதே துண்டுதானா, இன்னொன்று வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.

நான் கேட்பதில்லை. அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.